அமுக்கமானி கூறும் செய்தி: பழைய எம்.ஜி.பி. வண்டியில் எண்ணெய் அமுக்கம் குறைதல்

மோட்டார் வண்டிக்குப் பெற்றோல் உணவு, எண்ணெய் குருதி. பெற்றோல் தீர்ந்தால் வண்டி நிற்கும். மீண்டும் ஊற்றினால் ஓடும். எண்ணெய் ஓட்டம் நின்றாலோ உலோகத்தோடு உலோகம் உரசிச் சில நிமிடங்களில் இயந்திரம் அழியும். இவ்விடரை முன்கூட்டியே அறிவிக்கும் தூதுவனாக ஓட்டுநரின் கண்முன் அமைந்துள்ள சிறு கருவியே எண்ணெய் அமுக்கமானி. அதன் ஊசி வழக்கமான இடத்திலிருந்து தாழ்ந்து நிற்குமாயின் யாது செய்தல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இலக்கணம் கற்பிக்கும் ஒருவன் இயந்திரத்தைப் பற்றி எழுதுவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரித்துப் பொருள் காண்பவனுக்கு, இயந்திரத்தை உறுப்புறுப்பாகப் பிரித்துக் காரணம் காண்பது முற்றிலும் அயலான தொழில் ஆகாது.

எடுத்துக்காட்டாக நாம் கொள்வது எம்.ஜி.பி. என்னும் ஸ்போட்ஸ் கார். இங்கிலாந்தில் ஒக்ஸ்போட் நகருக்கு அண்மையிலுள்ள அபிங்டன் தொழிற்சாலையில் 1962 ஆம் ஆண்டு முதல் 1980 ஆம் ஆண்டு வரை இது செய்யப்பட்டது. 5 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. தொழிற்சாலை மூடப்பட்டுப் பல்லாண்டுகள் சென்றபின்னும் அவற்றுட் பல அன்பர்களாற் பேணப்பட்டு ஓடுகின்றன. இதன் 1798 கன சென்ரிமீற்றர் இயந்திரம் ‘பி’ வரிசை எனப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் தந்தையர் காலத்தில் யாழ்ப்பாண வீதிகளில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் ஆகிய வண்டிகளின் இயந்திரமும் இக்குடும்பத்ததே. ஆதலின் இங்குக் கூறுவன அவ்வண்டிகளை இன்றும் பேணுவோர்க்கும் பெரிதும் பொருந்தும்.

முதற்கண், அமுக்கம் என்பது எவ்வாறு தோன்றுகின்றது? இயந்திரத்தின் அடித்தொட்டியிலுள்ள எண்ணெயைப் பம்பி உறிஞ்சி, வடியினூடாகச் செலுத்திப் பெருங்குழாய் ஒன்றிற் சேர்க்கின்றது. அங்கிருந்து அது கிராங்குத் தண்டு தங்கிச் சுழலும் பெயரிங்குகளுக்கும், ஏனைய உறுப்புகளுக்கும் சென்று, மீண்டும் தொட்டியில் விழுகின்றது. பம்பி தருவது ஓட்டம் மாத்திரமே. அவ்வோட்டம் பெயரிங்குகளின் ஒடுங்கிய இடைவெளிகளால் தடுக்கப்படுதலாலேயே அமுக்கம் பிறக்கின்றது. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் றப்பர்க் குழாயின் வாயை விரலால் ஒடுக்கினால் நீர் விசையோடு பாய்வதையும், விரலை எடுத்தால் விசை தளர்வதையும் யாவரும் கண்டிருப்பர். பெயரிங்கு தேய்தல் விரலை எடுத்தல் போன்றது. இடைவெளி இருமடங்கானால், ஏனைய யாவும் மாறாதிருக்க, எண்ணெய்க் கசிவு எட்டு மடங்காகும். தேய்வு சிறிதாயினும் ஊசி பெரிதும் தாழ்வதற்குக் காரணம் இதுவே.

இங்கு வேறொரு நுட்பமும் உண்டு. சுழலும் தண்டைத் தாங்குவது பம்பியின் அமுக்கம் என்று பலர் எண்ணுவர். 1883 இல் போச்சம்ப் ரவர் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் புகைவண்டி அச்சுகளின் பெயரிங்குகளை ஆராய்ந்தபோது, பெயரிங்கிலிட்ட துளையை அடைத்த முளையைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் வெளிப்படக் கண்டார். அங்குப் பம்பி எதுவும் எண்ணெயை அமுக்கவில்லை. சுழலும் அச்சே எண்ணெயை ஆப்புப் போல இடைவெளியுள் இழுத்துப் பேரமுக்கத்தை உண்டாக்குகின்றது என்பதை ஒஸ்போண் றெனோல்ட்ஸ் 1886 இல் கணிதத்தால் நிறுவினார். எனவே, மோட்டார் இயந்திரத்திற் பம்பியின் கடமை பெயரிங்குக்கு எண்ணெய் இடையறாது கிடைக்கச் செய்வதே. அமுக்கமானி தாழ்தல், அவ்வழங்கலுக்கு எங்கோ குறை நேர்ந்தது என்பதன் அறிகுறி.

எம்.ஜி.பி. வண்டி வெப்பமடைந்து வீதியில் ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 இறாத்தல் வரையும், நின்ற நிலையில் இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது 10 முதல் 25 இறாத்தல் வரையும் அமுக்கம் இருத்தல் இயல்பு. ஊசி சுழியத்துக்கு வீழ்ந்தால் உடனே இயந்திரத்தை நிறுத்துக. வீடுவரை செல்வோம் என்று ஓட்டற்க. சிறிது சிறிதாகத் தாழ்ந்திருப்பின் ஆராய்வதற்குக் காலம் உண்டு.

ஆராய்ச்சி எளியதிற் தொடங்கி அரியதை நோக்கிச் செல்லல் வேண்டும். முதலிற் தூதுவன் மெய் கூறுகின்றானா என்று காண்க. நம்பத்தக்க பிறிதோர் அமுக்கமானியைப் பொருத்தி இரண்டையும் ஒப்பிடுக. கருவியே பழுதாயிருக்க, இயந்திரத்தைக் கழற்றிப் பணத்தையும் உழைப்பையும் வீணாக்கினோர் உளர்.

அடுத்து எண்ணெயின் அளவையும் தன்மையையும் நோக்குக. அளவுகோலிற் பெற்றோல் மணம் வீசுமாயின், காபுரேற்றர் மிகையாகப் பெற்றோலை விடுதலால் எண்ணெய் நீர்த்திருக்கலாம். பால் போன்ற நிறம் நீர் கலந்ததைக் காட்டும். அக்குறையை நீக்கியபின், 20டபிள்யூ-50 என்னும் தரத்து எண்ணெயும் புதிய வடியும் இடுக. இவ்வளவிற் குணமடைந்த வண்டிகள் பல.

குணமடையாவிடின் ஒரு தாளை எடுத்து, குளிர்ந்த நிலையிலும் வெப்பமான நிலையிலும், மெதுவாகச் சுழலும்போதும் விரைந்து சுழலும்போதும் ஊசி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்க. குளிரில் நன்றாயிருந்து வெப்பத்தில் மிகத் தாழ்ந்தால் பெயரிங்குத் தேய்வை ஐயுறல் வேண்டும். வெப்பத்தால் எண்ணெய் இளகி, அகன்ற இடைவெளியால் எளிதில் ஒழுகிவிடுகின்றது. குளிரிலும் தாழ்ந்தேயிருப்பின், பம்பியோ, அமுக்கத் தணிப்பு வால்வோ பழுதாயிருக்கலாம். மெதுவான சுழற்சியில் இயல்பாயிருந்து, விரைவிலும் 40 இறாத்தலுக்கு மேல் ஏறாதாயின், அவ்வால்வின் விற்சுருள் தளர்ந்திருத்தல் கூடும்.

அமுக்கத் தணிப்பு வால்வு, மிகையான அமுக்கத்தைத் திறந்துவிடும் காவலன். இயந்திரத்தின் இடப்புறம் பின்பகுதியிற் குவிந்த தலையுடைய சுரை ஒன்றைக் கழற்றினால், விற்சுருளும் கிண்ணம் போன்ற அடைப்பானும் வெளிவரும். அடைப்பானிற் கீறல் உண்டா, அது அமரும் இடத்தில் அழுக்குப் படிந்துளதா என்று பார்க்க. தடையற்ற நிலையில் விற்சுருளின் நீளம் 3 அங்குலம் இருத்தல் வேண்டும். குறைந்திருப்பின் புதியது இடுக.

இவ்விடத்திற்றான் பலர் வழிதவறுகின்றனர். விற்சுருளின் பின்னே வளையங்களை அடுக்கி இறுக்கினால் ஊசி உயரும் என்று எண்ணுகின்றனர். மெதுவான சுழற்சியில் அமுக்கம் குறைந்திருக்கும்போது, நல்ல நிலையிலுள்ள வால்வு ஏற்கெனவே மூடியிருக்கின்றது. மூடிய கதவை மேலும் இறுக்கித் தாழிடுவதாற் பயன் என்ன? விரைவான ஓட்டத்தில் ஊசி சிறிது உயரலாம். தேய்ந்த பெயரிங்கோ தேய்ந்தபடியே இருக்கும். குளிர்ந்த இயந்திரத்தில் மிகை அமுக்கம் எழுந்து வடியின் பொருத்தில் எண்ணெய் கசிதலும், பம்பியின் சுமை மிகுதலும் உண்டு. முன்னேற்ற அறிக்கையிற் புள்ளிகளைத் திருத்தி எழுதிய மாணவன் கணிதம் கற்றவன் ஆவானோ? அதைப் போன்றதே இதுவும்.

வால்வு பழுதற்றதாயின் அடித்தொட்டியைக் கழற்றல் வேண்டும். பம்பியின் வாயிலுள்ள வலையை அடைத்திருக்கும் கசட்டை நீக்குக. பம்பியினுள் ஒன்றனுள் ஒன்றாய்ச் சுழலும் இரு சுழலிகளுக்கும் மூடிப்பரப்புக்கும் இடையிலுள்ள வெளி 0.005 அங்குலத்தையும், வெளிச்சுழலிக்கும் பம்பியின் உடலுக்கும் இடையிலுள்ள வெளி 0.010 அங்குலத்தையும் விஞ்சுதல் கூடாது.

அதன்பின் பெயரிங்கின் மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நோக்குக. மேற்பூச்சுத் தேய்ந்து செம்பு நிறம் தோன்றினால் அப்பெயரிங்கின் காலம் முடிந்தது. மெல்லிய நெகிழி நூலைத் தண்டின்மேல் வைத்து, மூடியை இறுக்கிக் கழற்றி, நசுங்கிய நூலின் அகலத்தால் இடைவெளியை அளக்கலாம். தண்டு வட்டம் குன்றாது மழமழப்பாக இருப்பின் புதிய பெயரிங்குகளே போதும். கீறலோ முட்டை வடிவமோ உற்றிருப்பின் தண்டைக் கடைந்து, அதற்கேற்ற பருமனுடைய பெயரிங்குகளை இடுதல் வேண்டும். தேய்ந்த தண்டில் புதிய பெயரிங்கை இட்டு ஓட்டுதல் பழுதை ஒத்திவைப்பதே ஆகும்.

யாவும் பூட்டியபின், பம்பியை எண்ணெயால் நிரப்பி, தீப்பொறிச் செருகிகளைக் கழற்றிவிட்டு, ஊசி உயரும்வரை இயந்திரத்தைச் சுழற்றுக. ஊசி உயர்ந்த பின்னரே அதனை இயக்குக. வறண்ட பெயரிங்கின் முதற் சில சுழற்சிகளே அத்தனை உழைப்பையும் அழித்துவிடும்.

ஆறுமாதம் முன்னே ஊசி 60 இல் நின்றது, இன்று 50 இல் நிற்கின்றது என்று குறித்து வைத்திருப்பவனுக்குப் புதிய பெயரிங்குகளின் விலையோடு செலவு முடிகின்றது. ஊசியைப் பாராதவனும், பார்த்தும் வளையம் அடுக்கி ஏமாந்தவனும் கிராங்குத் தண்டையே இழக்கின்றனர். இத்தகைய பழைய வண்டியை உடையோர் இன்றே ஒரு சிறு குறிப்பேடு வாங்கி, இயந்திரம் வெப்பமடைந்தபின் ஊசி நிற்கும் இரண்டு இலக்கங்களையும் திகதியோடு அதில் எழுதத் தொடங்குவாராக.