அலையின் நடுக்கத்தை அளப்பது எப்படி?

மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி ரேடாரை நோக்கி நேரே வருகிறது. ரேடார் அனுப்புவது 10 கிகாஹெர்ட்ஸ் அலை. வண்டியில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் 1000 ஹெர்ட்ஸ் மட்டுமே கூடுகிறது. ஒரு கோடியில் ஒரு பங்கு! மலையிலும் கட்டடங்களிலும் மோதித் திரும்பும் வலுவான அலைகளுக்கு நடுவே இந்த மெல்லிய எதிரொலியைப் பிரித்தெடுக்க வேண்டும். அனுப்பிய அலையே நடுங்கினால், எதிரொலி அந்த நடுக்கத்தில் மூழ்கிப்போகும்.

நடுங்காத அலை உலகில் இல்லை. டிரான்ஸ்மிட்டருக்குள் அலையைப் பிறப்பிக்கும் ஆசிலேட்டரில், எலக்ட்ரான்களின் வெப்ப அசைவே அதைக் குலைக்கப் போதும். தம்புராவின் சுருதி மயிரிழை அளவு ஏறி இறங்குவதுபோல, அலையின் கட்டம், அதாவது ஒரு சுழற்சியில் அது எட்டியிருக்கும் நிலை, முன்னும் பின்னும் தள்ளாடுகிறது. இதுவே கட்ட இரைச்சல். மைய அதிர்வெண்ணை நெருங்க நெருங்க இது உயரும். ஏன் என்பதை 1966இல் பொறியாளர் டேவிட் லீசன் சிறு கட்டுரையொன்றில் எளிய சூத்திரமாக்கிக் காட்டினார். 1 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் இருக்கும் இரைச்சலை மைய அலையின் திறனோடு ஒப்பிட்டு டெசிபெல்லில் சொல்வது வழக்கம். −120 டெசிபெல் என்றால் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு திறன் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் இதை நேரடியாகப் பார்த்தால் என்ன? அதற்குள்ளும் ஓர் ஆசிலேட்டர் இருக்கிறது, அதுவும் நடுங்கும். நடுங்கும் கையால் நாடி பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

அதனால் முதலில் மைய அலையையே அழிக்கிறார்கள். ஒரே அதிர்வெண்ணுள்ள இரண்டு அலைகளைக் கட்டத்தில் 90 பாகை விலக்கி மிக்சர் என்னும் கலப்புச் சுற்றில் சேர்த்தால், வெளிவரும் சராசரி மின்னழுத்தம் சுழி. எஞ்சுவது நடுக்கம் மட்டும். அதை வேண்டுமளவு பெருக்கிப் பார்க்கலாம். ஆனால் ஒப்பிட வரும் இரண்டாவது ஆசிலேட்டர் முதலாவதைவிடத் தூயதாக இருக்க வேண்டுமே?

அதற்கு ஓர் அழகான வழி உண்டு. ஒரே அலையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நீண்ட கேபிளில் அனுப்பிவிடுவது. 100 மீட்டர் கேபிள் ஏறக்குறைய அரை மைக்ரோவினாடி தாமதம் தரும். இப்போது அலை, சற்றுமுன் இருந்த தன்னோடேயே ஒப்பிடப்படுகிறது; இரண்டாவது ஆசிலேட்டருக்கு வேலையே இல்லை. மிக மெதுவான நடுக்கம் மட்டும் இதில் சரியாகப் பிடிபடாது. அரை மைக்ரோவினாடியில் அது மாறுவதே இல்லை எனலாம்.

இன்றைய உயர்தரக் கருவிகள் ஒரே அலையை இரண்டு தனித்தனி வழிகளில் அளக்கின்றன; ஒவ்வொரு வழியின் சொந்த இரைச்சலும் வெவ்வேறு என்பதால், இரண்டிலும் பொதுவாக இருப்பதை மட்டும் வைத்துக்கொள்கின்றன. 10,000 முறை சராசரி எடுத்தால், கருவியின் சொந்த இரைச்சல் 20 டெசிபெல், அதாவது நூறில் ஒரு பங்காகக் குறைகிறது.