பேஜ்மேக்கர் படிக்க மூன்று நாள்

விடுமுறையில் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்தேன். புதிய வடிவமைப்பு மென்பொருள் கற்றுத் தருவார்கள் என்று நம்பிப் போனால், முதல் மூன்று நாளும் பேஜ்மேக்கர் வகுப்பு! அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்த தோழி, "இதற்கா விடியற்காலையில் எழுந்தேன்?" என்றாள்.

பாடம் எடுத்தவர் அங்கே நெடுங்காலமாகத் தட்டச்சு செய்யும் அக்கா. பழைய ஆலயக் குடமுழுக்கு மலர் ஒன்றின் கோப்பைத் திறந்தார். திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும், தலையில் புள்ளியும் கோடும் ஏறிய ஐரோப்பிய எழுத்துகளும்தான். வைரஸ் என்றே நினைத்தோம். "கெட்டுப் போகலம்மா, எழுத்துரு இல்ல, அவ்வளவுதான்" என்று சொல்லி ஒரு குறுவட்டைப் போட்டார். தமிழ் வந்துவிட்டது.

அந்தக் கால எழுத்துருவில் இருந்தது 256 இடம்தான். தமிழில் 247 எழுத்து. ஆங்கிலத்துக்கும் எண்ணுக்கும் இடம் விட வேண்டும். எனவே கொம்பு, கால் எனத் துண்டு துண்டாக வைத்தார்கள். எது எந்த இடத்தில் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி முடிவு செய்தது. நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருளை உருவாக்கிவிட்டார். பிறகு திஸ்கி வந்தது. 1999 சென்னை மாநாட்டில் டாம், டாப் குறியீடுகள் வந்தன. ஒருங்குறியிலோ தமிழ் 1991 முதலே இருக்கிறது. ஆனால் அச்சகங்கள் அதற்கு மாறப் பல ஆண்டுகள் ஆயின.

மாற்றுவதிலும் ஒரு சிக்கல். 'கொ' என்பதைப் பழைய முறையில் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடித்தார்கள். ஒருங்குறியில் 'க' முதலில் வர வேண்டும். வரிசையைத் திருப்பாமல் மாற்றினால் கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். கூகுளில் தேடினாலும் கிடைக்காது. எங்கள் கணினி அறிவியல் வகுப்பில் இதை யாரும் சொல்லித் தந்ததில்லை.

அந்த மலரில் ஆலயத்தை எழுப்பிய தோட்டத் தொழிலாளர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. மறுபதிப்புக் கேட்டு நிர்வாகத்தினர் வந்ததால்தான் இந்த வகுப்பே. அக்கா அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார்.

இப்போது எங்கள் கையில் இருப்பது ஒரு தமிழ்ப்பள்ளி மலர். எந்த எழுத்துரு என்று அக்காவுக்கே தெரியவில்லை. நல்லவேளை, அச்சுப் பிரதி ஒன்று கிடைத்தது. அதைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து அட்டவணை போடுகிறோம். 'ஞ' வரை வந்திருக்கிறோம்.