கருப்பட்டி போட்டால் சர்க்கரை ஏறாதா?

எங்கள் கான்சாபுரத்துக்கு யார் விருந்தாளியாக வந்தாலும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி பால்கோவா வாங்காமல் வரமாட்டார்கள். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பழக்கம் இன்னும் கூடிவிட்டது. தீபாவளி என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் அத்தைக்கு (மாமியார்தான்) சர்க்கரை வியாதி. இத்தனை இனிப்பு வந்து இறங்கும்போது அவங்க முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

அதனால் இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு தீபாவளிக்கு நானே பழப் பலகாரம் செய்வது என்று முடிவு எடுத்தேன். பேரீச்சம்பழ உருண்டை, நாட்டு வாழைப்பழத்தில் நாட்டுச் சர்க்கரை போட்டுப் பஞ்சாமிர்தம், கருப்பட்டிப் பாகில் நெல்லிக்காய். "ஒரு பொட்டு சீனி போடல அத்தை, தைரியமா சாப்பிடுங்க" என்று கிண்ணம் நிறைய வைத்தேன். பாவம், எத்தனையோ வருஷம் கழித்து மனசாரச் சாப்பிட்டாங்க. மூன்று நாளும் சாப்பிட்டாங்க.

நாலாம் நாள் வாய் வறண்டு, ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து பாத்ரூம் போய், காலையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாங்க. ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை 380! என்ன சாப்பிட்டாங்க என்று டாக்டர் கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன். "கருப்பட்டியும் சர்க்கரைதாம்மா" என்றார். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரைதானாம். சத்து கொஞ்சம் கூட இருக்கலாம், ஆனால் சர்க்கரை நோயாளி அதையும் சீனியாகத்தான் கணக்கு வைக்கணுமாம். பேரீச்சம்பழமும் அப்படியே, எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. எனக்குத் தரையில் புதைந்துவிடலாமா என்று இருந்தது.

அதற்கு அடுத்த தீபாவளிக்கு அத்தை எதையும் தொடவில்லை. பிள்ளைகள் சாப்பிடும்போது எழுந்து திண்ணைக்குப் போய்விட்டாங்க. அதுதான் என்னை அறுத்தது. என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பிறகு டாக்டரிடமே போய் என்ன கொடுக்கலாம் என்று கேட்டேன். பழமே கூடாது என்பது இல்லையாம். ஜூஸ் பிழியாமல், பழமாகவே, நார்ச்சத்தோடு, கொஞ்சமாகச் சாப்பிடணும். வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு கூடாது. கூடவே வேர்க்கடலை மாதிரி ஏதாவது இருந்தால் நல்லது. அவரவர் சாப்பிடும் மாத்திரை, ஊசியைப் பொறுத்து அளவு மாறும் என்பதால், நீங்களும் உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே ஆரம்பியுங்கள்.

போன தீபாவளிக்கு அத்தைக்காக நான் செய்தது கொய்யா சுண்டல். நன்றாகப் பழுக்காத செங்காய்க் கொய்யா இரண்டைத் தோலோடு சிறு துண்டாக நறுக்கி, வறுத்து ஒன்றிரண்டாகத் தட்டிய வேர்க்கடலை இரண்டு ஸ்பூன், தேங்காய்ப்பூ ஒரு ஸ்பூன், மிளகுத்தூள், துளி உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசறினால் போதும். நான்கு பேருக்கு வரும். இன்னொன்று நெல்லிக்காய். இட்லிப் பானையில் பத்து நிமிஷம் வேகவைத்தால் சுளை தானாகப் பிரியும். கொட்டையை எடுத்துவிட்டு நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், மிளகாய்த்தூள், உப்பு போட்டுப் பிரட்டணும். பி.பி. இருப்பவர்களுக்கு உப்பு பாதி போதும். வேகவைத்தால் வைட்டமின் சி கொஞ்சம் போகும்தான், ஆனால் பச்சையாகக் கடிக்க அத்தைக்குப் பல் வேண்டுமே!

பிள்ளைகளுக்கு அதே பேரீச்சம்பழ உருண்டைதான். கொட்டை நீக்கிய பழம் அரை கிலோ, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை கால் கிலோ, வறுத்த வெள்ளை எள் நூறு கிராம். பழத்தை ஒரு ஸ்பூன் நெய்யில் லேசாகச் சூடாக்கினால் மசியும். எல்லாம் சேர்த்து நெல்லிக்காய் அளவு பிடித்தால் நாற்பது உருண்டைக்குப் பக்கம் வரும். ஈரம் படாமல் வைத்தால் பத்து நாள் தாங்கும். பிள்ளைகளுக்கும் நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பற்களில் ஒட்டும், வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பப்பாளிப் பழத்தை மசித்துப் பால் ஊற்றி 'கீர்' மாதிரி வைத்தேன். அரை மணியில் கசந்து வழிந்தது. பப்பாளியில் உள்ள ஒரு பொருள் பாலை அப்படிச் செய்துவிடுமாம். நெய்யில் நன்றாகச் சுருள வதக்கிய பிறகு பால் சேர்த்தால் கசக்கவில்லை. அன்னாசிக்கும் இதே கதைதான்.

எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அத்தை கையில் சிறு கிண்ணத்தில் கொய்யாவைக் கொடுத்தேன். கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாங்க. "இதுல என்ன போட்டிருக்க தாயி?" என்று கேட்டுவிட்டு ஒரு துண்டை வாயில் போட்டாங்க. இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தோம், 162. மாலையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து நெல்லிக்காய் சாப்பிட்டுக்கொண்டே, "உப்பு பத்தல" என்றாங்க.

- வாசகி, கான்சாபுரம்.