வருவாய் வில்லைகளில் நிறுவன அடையாளங்கள்

வருவாய் வில்லைகளில் நிறுவன அடையாளங்கள் என்பவை, பழைய பற்றுச்சீட்டு முதலிய ஆவணங்களில் ஒட்டப்பட்ட வருவாய் வில்லைகளில் வணிக நிறுவனங்கள் இட்ட நீக்கக் குறிகளும், துளைகளால் அமைந்த முதலெழுத்துக்களும் ஆகும். பேச்சு வழக்கில் ரெவின்யூ ஸ்டாம்பு எனப்படும் இவ்வில்லைகள், இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான வடசென்னைத் துறைமுக, தொழிற்பகுதியின் வணிக வரலாற்றை அறிய உதவும் சான்றுகளுள் ஒன்றாகும்.

சட்டப் பின்னணி

1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டத்தின்படி, 20 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கான பற்றுச்சீட்டில் 1 அணா வில்லை அக்காலத்தில் ஒட்டப்பட வேண்டியிருந்தது. ஒட்டிய வில்லையை மீண்டும் பயன்படுத்த இயலாதவாறு நீக்கம் செய்ய வேண்டும் என அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு கூறுகிறது. தம் பெயரையோ முதலெழுத்துக்களையோ, தம் நிறுவனத்தின் பெயரையோ முதலெழுத்துக்களையோ, உரிய தேதியுடன் வில்லையின் குறுக்கே எழுதுவது இதற்கான ஒரு முறையாகும். வேறு பயனுள்ள முறைகளையும் சட்டம் ஏற்கிறது. நீக்கம் செய்யப்படாத வில்லை, ஒட்டப்படாததாகவே கருதப்படும். நிறுவனங்கள் பெயர் பொறித்த ரப்பர் முத்திரைகளைப் பயன்படுத்தியதற்கு இதுவே அடிப்படை.

துளையெழுத்துக்கள்

பெர்ஃபின் எனச் சேகரிப்பாளர் அழைக்கும் துளையெழுத்துக்களின் நோக்கம் வேறு. அலுவலகத்தில் வாங்கி வைத்த அஞ்சல்தலைகளை ஊழியர்கள் திருடி விற்பதைத் தடுக்க, இலண்டனைச் சேர்ந்த ஜோசப் ஸ்லோப்பர் உருவாக்கிய முறைக்கு 1868இல் பிரித்தானிய அஞ்சல் துறை இசைவு அளித்தது. பின்னர் இம்முறை இந்தியாவிலும் பரவியது. 1906இல் ஏழாம் எட்வர்டு உருவத்துடன் வெளியான அரையணா, ஓரணாத் தலைகள் அஞ்சல், வருவாய் ஆகிய இரு பயன்களுக்கும் உரியவை. எனவே கடிதங்களுக்கென நிறுவனம் துளையிட்டு வைத்திருந்த தலை, பற்றுச்சீட்டிலும் ஒட்டப்பட்டிருக்கலாம்.

துளைகளை வேறுபடுத்தி அறிதல்

எல்லாத் துளைகளும் பெர்ஃபின் அல்ல. 1870ஆம் ஆண்டின் நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின்படி, நீதிமன்ற வில்லைகள், அவற்றிலுள்ள தலையுருவத்தைத் துளைத்து அகற்றி நீக்கப்பட்டன. கோப்பில் கோப்பதற்கு இடப்பட்ட துளைகளும் உண்டு. இவற்றைப் பின்வருமாறு பிரித்தறியலாம்.

* வில்லையில் மட்டும் துளையிருந்து, அடியிலுள்ள தாளில் துளை இல்லாவிடின், ஒட்டுவதற்கு முன்பே துளையிடப்பட்டது எனலாம். இதுவே பெர்ஃபினின் இயல்பு.
* தாளிலும் நேர் கீழே துளையிருந்தால், ஒட்டிய பின் இடப்பட்டது ஆகும்.
* முன்பே துளையிட்ட வில்லையின்மேல் முத்திரை குத்தினால், துளை வழியே மை தாளில் படியக்கூடும். மை பட்ட இடத்தில் துளையிருந்தும் தாளில் புள்ளி எதுவும் இல்லையெனில் ஐயம் கொள்ள இடமுண்டு.

வில்லைகளை மடித்துத் துளையிடுவதால் எழுத்துக்கள் தலைகீழாகவோ இடவலம் மாறியோ அமைவதுண்டு. ஆகவே வில்லையின் இருபுறமும் பார்த்து, துளைகளின் எண்ணிக்கையையும் எழுத்தின் உயரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பெயரும் காலமும்

நிறுவனப் பெயர் மாற்றங்கள் தேதியற்ற ஆவணத்தின் காலத்தைக் கணிக்க உதவும். 1856இல் இராயபுரத்திலிருந்து தொடர்வண்டி இயக்கத் தொடங்கிய மதராஸ் இரயில்வே, 1908இல் மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா இரயில்வேயின் பகுதியாயிற்று. அது 1951இல் தென்னக இரயில்வேயில் இணைந்தது. 1843இல் நிறுவப்பட்ட பாங்க் ஆஃப் மதராஸ், 1921இல் இம்பீரியல் வங்கியிலும், அது 1955இல் பாரத ஸ்டேட் வங்கியாகவும் மாறியது.

எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1948இல் தொடங்கப்பட்டு, 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் பெற்றது. 1957 ஏப்ரல் 1இல் இந்திய நாணயம் தசம முறைக்கு மாறியது. எனவே அணா வில்லையொன்றில் அசோக் லேலண்ட் என்ற முத்திரை இருப்பின், அது பெரும்பாலும் 1955க்கும் 1957க்கும் இடைப்பட்டதாகும்.

பொருள் கொள்வதில் கவனம்

முதலெழுத்துக்கள் மட்டும் போதிய சான்றாகா. எடுத்துக்காட்டாக, "பி அண்ட் கோ" என்பதன் ஆங்கில எழுத்துக்கள் சென்னையின் பின்னி நிறுவனத்துக்கும் பெஸ்ட் நிறுவனத்துக்கும் ஒருங்கே பொருந்தும். மேலும், பற்றுச்சீட்டில் ஒப்பமிடுபவர் பணத்தைப் பெற்றவரே. ஆதலால் வில்லையின் குறுக்கேயுள்ள பெயர், பொதுவாகப் பணம் செலுத்தியவரைக் குறிக்காது.

20 ரூபாய்க்கு மேற்படாத தொகைக்கு வில்லை தேவைப்படவில்லை. அதனால் குறைந்த கூலி பெற்ற துறைமுக, ஆலைத் தொழிலாளரின் பற்றுகள் இச்சான்றுகளில் இடம்பெறுவது அரிது. வில்லைகளை மட்டும் நோக்கினால் முதலாளிகளும் வங்கிகளும் மட்டுமே வாழ்ந்த பகுதியாக வடசென்னை தோன்றக்கூடும்.

பாதுகாத்தல்

வில்லையை நீரில் ஊறவைத்துப் பிரித்தெடுத்தால், தாள்வரை நீண்ட முத்திரையின் மீதிப் பகுதி, தேதி, தொகை, துளைவழிப் படிந்த மை ஆகியவற்றுடனான தொடர்பு அறுந்துவிடும். நீரில் கரையும் மையும் அழியும். ஆகையால் வில்லையை ஆவணத்துடன் முழுமையாக வைத்திருப்பதே முறையாகும்.