குறுக்கெழுத்துப் புதிரும் அயர்லாந்து நாடும்

கட்டங்களுள் எழுத்துக்களை நிரப்பிச் சொற்காணும் விளையாட்டைக் குறுக்கெழுத்துப் புதிர் என்பர். இது மேனாட்டினின்று போந்ததாயினும் இதன் உள்ளுறை நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் பிசி என்று குறித்ததும், நாட்டுப்புறத்தார் விடுகதை என வழங்குவதும் இதற்கு உறவினவே. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகளுள் சுழிகுளம், சருப்பதோபத்திரம் என்பனவும் எழுத்துக்களைக் கட்டத்துள் நிறுத்திப் பல திசையினும் படிக்குமாறு அமைந்தவை.

இன்று நாம் காணும் புதிரை முதன்முதல் வெளியிட்டவர் ஆர்தர் வின் என்பார். 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் 'நியூயார்க் வேர்ல்டு' என்னும் பத்திரிகையில் அது வெளிவந்தது. அயர்லாந்திலோ, 'ஐரிஷ் டைம்ஸ்' இதழில் 1943 முதல் டெரிக் குரோசியர் என்பார் 'குரோஸேர்' என்னும் புனைபெயரில் புதிர் இயற்றி வந்தார். ஐரிஷ் மொழியில் அச்சொல்லுக்குச் சாலைகள் கூடும் சந்தி என்பது பொருள். சொற்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் புதிருக்கு இதனினும் பொருத்தமான பெயர் உண்டோ?

ஆங்கிலப் புதிர்களில் அயர்லாந்து அடிக்கடி தலைகாட்டும். அந்நாட்டின்பால் கொண்ட காதல் மட்டும் இதற்குக் காரணமன்று. 'எய்ரே' என்னும் அதன் பெயர் ஆங்கில எழுத்து நான்கினால் ஆயது. அவற்றுள் மூன்று உயிர். குறுக்கே வரும் சொற்களுக்கு உயிரெழுத்து எளிதிற் பொருந்துமாதலின், புதிர் இயற்றுவோர் அதனை மீண்டும் மீண்டும் எடுத்தாளுகின்றனர்.

தமிழில் நிலைமை வேறு. இங்கே ஓர் உயிர்மெய் ஒரு கட்டம். புள்ளி பெற்ற மெய்யும் ஒரு கட்டம். 'அயர்லாந்து' என்பது ஆறு கட்டம் கொள்ளும். அளபெடை ஒழிந்த இடங்களில் உயிரெழுத்து மொழிமுதலிலன்றித் தனித்து வாராது. மெய்யெழுத்தோ மொழிமுதலில் வாராது. ஆகவே 'அ' நிற்கும் கட்டத்தில் இரு சொற்கள் சந்திக்குமாயின் இரண்டும் அங்கேயே தொடங்குதல் வேண்டும். 'ர்' நிற்கும் கட்டத்தினின்று எச்சொல்லும் தொடங்குதல் இயலாது. இலக்கண ஆசிரியர் வகுத்த மொழிமுதல் விதி இங்கே விளையாட்டின் விதியாகிவிடுகின்றது. 'டப்ளின்' நான்கு கட்டமோ, இகரம் முன்னிட்டு ஐந்து கட்டமோ என்னும் ஐயம் எழுமாதலின், பிறமொழிப் பெயர்களை எவ்வாறு எழுதுவது என்பதனைப் புதிர் இயற்றுவோர் முன்னரே அறிவித்தல் கடன்.

இனி ஒரு சிறு வலை பின்னிக் காட்டுவாம். இடமிருந்து வலமாக 'அயர்லாந்து' என அமைப்போம். அதன் முதற் கட்டத்தினின்று கீழ்நோக்கி ஒரு சொல். குறிப்பு: 'அடையும் நெறி. 1917-இல் மாதர் சங்கம் தோன்றிய இடம்.' விடை: அடையாறு. ஆறு என்பதற்கு வழி என்னும் பொருளுண்மை யாவரும் அறிவர். நாவலூரினின்று பழைய மாமல்லபுரச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் அடையும் அப்பகுதியில், இந்திய மாதர் சங்கத்தை நிறுவியவருள் ஒருவர் அயர்லாந்தில் பாயில் என்னும் ஊரிற் பிறந்த மார்கரெட் கசின்ஸ் அம்மையார். பெண்களின் வாக்குரிமைக்காகத் தம் நாட்டிற் சிறைபுகுந்த அவர், இந்திய விடுதலைக்காக வேலூர்ச் சிறையிலும் இருந்தார்.

'ர்' என்னும் மூன்றாங் கட்டத்தை ஊடறுத்து மேலிருந்து கீழாக மற்றொரு சொல். குறிப்பு: 'அயர்லாந்தின் நகரம். ஈற்றெழுத்து நீங்கின் மழைக்காலம்.' விடை: கார்க். நானோ நேகிள் அம்மையார் 1775-இல் பிரசன்டேஷன் கன்னியர் சபையைத் தோற்றுவித்தது அந்நகரிலேயே. அச்சபையார் 1842-இல் சென்னை வந்து பெண்களுக்குப் பள்ளி நிறுவினர். சர்ச் பார்க் பள்ளி அவ்வழி வந்ததே.

இன்னும் இரண்டு கூறுவாம். 'மலை, டப்ளினிற் சட்டம் பயின்று குடியரசுத் தலைவரானவர்' என்பதன் விடை கிரி. வி. வி. கிரி 1913 முதல் 1916 வரை அங்கே பயின்று, அந்நாட்டு விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டமையால் வெளியேற நேர்ந்தவர். 'திராவிட மொழிகளை ஒப்பிட்டவர். ஐந்து கட்டம்' என்பதன் விடை கால்டுவெல். ஆந்திரிம் கோட்டத்தில் 1814-இற் பிறந்து, இடையன்குடியில் வாழ்ந்து, 1856-இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட அப்பெரியாரை நாம் அயர்லாந்தில் பிறந்தவர் என்று நினைப்பதே அரிது.

நற்குறிப்பின் இலக்கணம் ஒன்றுண்டு: அது ஒரே விடையை உடையதாதல் வேண்டும். 'அயர்லாந்தின் நிறம், மூன்று கட்டம்' என்று ஒருவர் கேட்பின், பச்சை என்பதும் பொருந்தும், பசுமை என்பதும் பொருந்தும். குறுக்கே வரும் சொல் முதற்கட்டமாகிய பகரத்தை மட்டுமே தொடுமாயின் அறிஞனும் தடுமாறுவன். 1930-களில் 'ஆனந்த விகடன்' முதலிய இதழ்கள் பரிசுடன் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தியபோது, மக்கள் பேரார்வத்துடன் அதில் ஈடுபட்டனர். இத்தகைய இருவிடைக் குறிப்பு பரிசுப் போட்டியுட் புகுமாயின் அறிவு பின்னிட, அதிட்டமே முன்னிற்கும், விளையாட்டு சூதாகும். 1955-ஆம் ஆண்டுப் பரிசுப் போட்டிச் சட்டம் ஒரு திங்களில் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட பரிசுடைய போட்டிகளைத் தடுத்தமை நினைக்கத்தக்கது.

மாணவ நண்பர்காள்! விடையை மனப்பாடமாகக் கொண்டு கட்டம் நிரப்புவோன் எய்ரே என்னும் நான்கெழுத்தை அறிவன், நாட்டை அறியான். கிரி, கார்க், அடையாறு என்பன கட்டத்துள் நிற்கும்போது சில எழுத்துக்களே. அவற்றின் பின்னே கடல்கடந்து வந்தாரும், கடல்கடந்து சென்று கற்றாரும், பிறர் விடுதலையைத் தம் விடுதலையாகக் கொண்டாரும் நிற்கின்றனர். அடுத்த விடுமுறையில் நீவிரே ஒரு புதிர் இயற்றிப் பாருங்கள். இயற்றத் தொடங்கிய அன்றே, எழுத்தின் இயல்பையும் சொல்லின் பொருளையும் அயலாரின் வரலாற்றையும் ஒருங்கே ஆராய வேண்டுதல் விளங்கும். அவ்வாராய்ச்சியே இவ்விளையாட்டின் பரிசு.