ஏரிக் கணக்கு கோடாகும் விதம்

காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே, வாலாஜாபாத்தை அடுத்த தென்னேரியின் கரைமீது நின்று, ஐப்பசி கார்த்திகை மழையில் விரிந்து கிடக்கும் அந்த ஜலப்பரப்பைக் காண்கிற எவருக்கும், தொண்டைமான் இளந்திரையனின் பெயரால் திரையனேரி என வழங்கியதே நாளடைவில் தென்னேரியாயிற்று என்று ஆராய்ச்சியாளர் சொல்வது மனத்துக்கு உகந்ததாகவே இருக்கும். ஆனால் ஆயக்கட்டு விவசாயிக்கு வேண்டியது பெயரின் பூர்வீகமன்று. சென்ற வருஷம் இதே நாளில் எத்தனை அடி நீர் நின்றது, இப்போது எத்தனை அடி நிற்கிறது, கலங்கல் வழியும் நாள் நெருங்கிவிட்டதா என்பவையே அவருடைய கவலைகள்.

இவற்றுக்கு விடை ஒரு நோட்டுப் புத்தகத்திலேயே கிடைத்துவிடும். ஒரு பத்தியில் தேதி, மறு பத்தியில் நீர்மட்டம், காலை எட்டரை மணிக்கு மழைமானியில் கண்ட அளவு மூன்றாம் பத்தியில் என்று நாள் தவறாமல் எழுதி வந்தால், நான்கு வருஷங்களில் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட வரிகள் சேர்ந்துவிடும். எனினும் அத்தனை எண்களையும் படித்து முடிப்பவருக்கு ஏரியின் போக்கு ஞாபகத்தில் தங்குவதில்லை. அவற்றையே ஒரு கோடாக வரைந்து காட்டினால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட ஏற்றம் எங்கே, இறக்கம் எங்கே என்று விரல் வைத்துச் சொல்லிவிடும். இந்தச் சூட்சுமத்தை உணர்ந்து, இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளைக் கோட்டுச் சித்திரங்களாக 1786-இல் புத்தகமாக வெளியிட்டவர் வில்லியம் பிளேஃபேர் என்பவர்.

அதற்குச் சரியாக இருநூறு வருஷங்களுக்குப் பின், 1986-இல், தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி என்ற இருவர் எழுதத் தொடங்கிய 'க்னூபிளாட்' என்னும் கணினிச் சாதனம், அந்த வேலையை விசைப்பலகையில் தட்டும் ஒரே வரியில் செய்து தருகிறது. பொத்தான்களும் பட்டியல்களும் இதில் பிரதானமல்ல. கறுத்த திரையில் கட்டளையை எழுதவேண்டும், அவ்வளவுதான். 'பிளாட்' என்று தொடங்கி, எண்கள் உள்ள கோப்பின் பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டு, 'யூசிங் 1:2' என்று சொன்னால் முதல் பத்தியைக் கிடைமட்டத்திலும் இரண்டாம் பத்தியைச் செங்குத்திலும் கொள்ளும். 'வித் லைன்ஸ்' என்றால் புள்ளிகளைக் கோட்டால் இணைக்கும். மழைக்கு 'வித் இம்பல்சஸ்' என்பதே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். ஒவ்வொரு நாளின் மழையும் தரையிலிருந்து எழும் குச்சியைப்போலத் தனித்து நிற்கும். கிடைமட்டத்தில் வருவது தேதி என்பதையும், அதை எந்த வரிசையில் எழுதியிருக்கிறோம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கையால் எழுதும் கட்டளையில் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு, காஞ்சிபுரத்துத் தறியைத்தான் காட்டத் தோன்றுகிறது. சேலையின் பேட்டில் வரவேண்டிய அன்னத்தையோ யாளியையோ முதலில் கட்டமிட்ட கிராப் தாளில் வரைகிறார்கள். பாவும் ஊடையும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கட்டம். பின் அது அட்டையில் துளைகளாகி ஜக்கார்டு பெட்டியில் ஏறுகிறது. அட்டை இருக்கும்வரை அதே அன்னம் எத்தனை சேலைகளிலும் பிசகாமல் வரும். கோப்பில் சேமித்த கட்டளையும் அத்தகையதே. நாளைக்கு ஏரிக் கணக்கில் ஒரு வரி கூடினால், அதே கட்டளையை மறுபடி ஓட்டினால் போதும், புதிய சித்திரம் தயார். நூறு ஏரிகளின் கோப்புகள் இருந்தாலும் நூறு சித்திரங்களும் ஒரே அளவில், ஒரே முறையில் எழும். எப்படி வரைந்தோம் என்பதைப் பிறர் படித்துச் சோதிக்கவும் முடியும்.

இப்படிச் சோதிப்பது அவசியம் என்பதை இதே பிரதேசத்துச் செம்பரம்பாக்கம் ஏரி உணர்த்துகிறது. அதன் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 நவம்பரில் சென்னையில் 1,049 மில்லிமீட்டர் மழை பெய்து, 1918 நவம்பரின் 1,088 மில்லிமீட்டரை நெருங்கிற்று. டிசம்பர் முதல் தேதிப் பெருமழையின்போது ஏரியிலிருந்து திறந்த நீர் அடையாற்றில் பாய, கரையோர மக்கள் பட்ட துயரம் யாரும் மறக்கக்கூடியதன்று. அத்தகைய நாட்களின் நீர்மட்டத்தை வரைகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அளவு எல்லைகளை நாம் சொல்லாவிட்டால் க்னூபிளாட் எண்களுக்கேற்பத் தானே நிர்ணயித்துக்கொள்ளும். 21 அடிக்கும் 22 அடிக்கும் இடையே மட்டுமே மட்டம் அசைந்திருந்தால், அந்த ஓரடி வேறுபாடு தாளின் அடியிலிருந்து உச்சிவரை பாய்ந்து, ஏரியே வற்றி நிரம்பியதுபோல் பீதியூட்டும். 'செட் ஒய்ரேஞ்ச்' என்று கட்டளையிட்டு 0 முதல் 24 வரை என எல்லை வகுத்தால், கோடு ஏரிக்குள் நீர் நிற்கும் இடத்திலேயே நிற்கும். முழு உயரத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பதும் அதே பார்வையில் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. புயலடித்த நாளில் அளவெடுக்க யாரும் கரைக்குப் போகமுடியாமல் போகலாம். அன்றைக்கு ஓர் எண்ணை ஊகித்து எழுதுவதும் பிழை, பூஜ்யம் என்று எழுதுவதும் பிழை. கோப்பில் அந்த இடத்தை ஒரு வெற்று வரியாக விட்டுவிட்டால், வரைகிற கோடு அங்கே அறுந்து நின்று, மறுநாள் மதகடியில் ஒருவர் மழையில் நனைந்தபடி குறித்து வந்த எண்ணிலிருந்து மீண்டும் தொடங்கும்.