ஸ்லிப்பில் சோடியம், துளியில் தாமிரம்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் அச்சில் ஊற்றும் களிமண் கரைசலுக்கு ஸ்லிப் என்று பெயர். கூழாகக் கெட்டிப்பட்டுக் கிடக்கும் ஸ்லிப்பில் கொஞ்சம் சோடியம் சிலிகேட் விட்டுக் கலக்கினால் போதும். மேற்கொண்டு தண்ணீர் ஊற்றாமலே இளகி ஓடும். களிமண் துகளின் தட்டையான முகத்தில் எதிர்மின்சுமை இருக்கிறது. கால்சியம் அயனிகள் அதில் ஒட்டிக்கொண்டு துகள்களை நெருக்கிப் பிடித்து வைக்கின்றன. அந்த இடத்தைச் சோடியம் பிடித்ததும் துகள்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அச்சில் ஊற்றியபின் கதை திரும்புகிறது: பிளாஸ்டர் அச்சு தண்ணீரை உறிஞ்சுகிறது, அதிலிருந்து கசியும் கால்சியமும் சுவரோரக் களிமண்ணை இறுக்குகிறது.

பரப்பில் எந்த அயனி குடியிருக்கிறது என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உலோக அயனிகளை வினையூக்கியாக வைத்து வேலை செய்யும் வேதியியலாளர்களுக்கும் இதுவே பெரிய துருப்பு.

தாமிர அயனி ஒரு கரிம மூலக்கூறின் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் பற்றிக்கொண்டு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும். மூலக்கூறு வினைக்கு இணங்கிவிடும். ஆனால் அயனிக்குப் பிடித்தது தண்ணீர், கரிமப் பொருள்கள் பலவற்றுக்கும் பிடித்தது எண்ணெய். இரண்டையும் சந்திக்க வைக்க நுண்பால்மம் உதவுகிறது. தண்ணீர், எண்ணெய், சோப்பு இனத்துப் பொருள் மூன்றும் தக்க அளவில் சேர்ந்தால் கலங்கலே இல்லாத தெளிந்த திரவம் கிடைக்கும் என்று ஹோரும் ஷுல்மனும் 1943இல் எழுதினார்கள். துளிகள் நானோமீட்டர் கணக்கில் சிறியவை. அதனால்தான் பாலைப் போல வெளுப்பதில்லை, வைத்திருந்தாலும் பிரிவதில்லை. ஒரு மில்லிலிட்டர் எண்ணெய் 10 நானோமீட்டர் விட்டமுள்ள துளிகளாகச் சிதறினால் அவற்றின் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர்! வினை நடக்க அவ்வளவு இடம்.

எண்ணெய் இல்லாமல், சோப்பு மூலக்கூறுகள் மட்டும் திரண்ட மிசெல்களிலும் இதைச் செய்யலாம். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்து எங்பர்ட்ஸ் குழு 1998இல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. சோடியம் டோடெசில் சல்ஃபேட் என்னும் வழக்கமான சோப்பு வகையில் சோடியம் அயனிகளும் பரப்பில் இடத்துக்குப் போட்டியிடும். அவர்கள் சோடியத்தையே விலக்கி, தாமிர டோடெசில் சல்ஃபேட்டை எடுத்துக்கொண்டார்கள். சல்ஃபேட் தலைகளின் எதிர்மின்சுமையை நாடித் தாமிரம் மிசெலின் பரப்பில் குவிந்தது. எண்ணெய்த்தன்மையுள்ள வினைபொருள்களும் அதே மிசெலுக்குள் ஒதுங்கின. இரு மூலக்கூறுகள் சேர்ந்து வளையமாகும் டீல்ஸ்-ஆல்டர் வினை, வினையூக்கியின்றி அசிட்டோநைட்ரைல் என்னும் கரைப்பானில் நடப்பதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் வேகமெடுத்தது. களிமண்ணுக்குச் சோடியத்தைக் கொண்டுவர வேண்டும். இங்கே அதை வெளியேற்ற வேண்டும்.

தொழிற்சாலையில் இதைப் பயன்படுத்துவதற்குத் தடை, வினை முடிந்தபின் விளைபொருளைச் சோப்பிலிருந்து பிரிப்பது. நுரை பொங்கும், சோப்பு விளைபொருளோடு ஒட்டிக்கொள்ளும். மின்சுமையற்ற சோப்பு வகைகள் இதற்கு வழி காட்டுகின்றன. வெப்பநிலையைச் சற்று மாற்றினாலே அவற்றின் நுண்பால்மம் எண்ணெய், தண்ணீர் அடுக்குகளாகப் பிரியும். விலையுயர்ந்த ரோடியம் வினையூக்கியைத் தண்ணீர்ப் பக்கம் நிறுத்தி, விளைபொருளை எண்ணெயோடு வடித்தெடுத்து, அதே ரோடியத்தை அடுத்த சுற்றுக்குப் பயன்படுத்தும் சிறு ஆலையைப் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயக்கிப் பார்த்திருக்கிறார்கள்.